டீபக்கை அணைத்ததும் 400, 403, 500 வரிசையா வருது: ஜாங்கோ தளத்தை சர்வரில் ஏற்றும்போது

புதுக்கோடர்
வணக்கம். விண்டோஸ் மடிக்கணினியில் ரன்சர்வரில் (ஜாங்கோவோட சோதனை சர்வர்) ஒழுங்கா ஓடுற ஜாங்கோ 5.1 (பைதான் வலைத்தளக் கட்டமைப்பு) தளம். சர்வர் உபுண்டு 22.04, பைதான் 3.10, முன்னால கோரிக்கையை வாங்குற வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், பின்னால ஜாங்கோவை ஓட்டுற ஜியூனிகார்ன் 127.0.0.1:8000-ல். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் சர்ட்பாட் மூலம் போட்டாச்சு. டீபக்கை (பிழை விவரத்தைப் பக்கத்திலேயே காட்டுற செட்டிங்) ஃபால்ஸ் ஆக்கினதும்:

1. முகப்பே திறக்கல, 400. அலவுட்_ஹோஸ்ட்ஸில் (ஜாங்கோ ஏத்துக்கிற தளப் பெயர்ப் பட்டியல்) டொமைன் பெயர் சரியா இருக்கு. நட்சத்திரக் குறி போட்டதும் திறந்தது.
2. திறந்த பக்கத்தில் சிஎஸ்எஸ் ஒண்ணுமே இல்ல.
3. லாகின் அழுத்தினா 403, சிஎஸ்ஆர்எஃப் வெரிஃபிகேஷன் ஃபெயில்ட் (ஃபார்ம் நம்ம தளத்திலிருந்துதான் வந்ததான்னு பார்க்கிற சோதனை).
4. "எங்களைப் பற்றி" பக்கம் மட்டும் 500. ஜர்னல்சிடிஎல்லில் (சர்வரோட லாக், அதாவது பதிவேடு) ஒரு வரி கூட இல்ல.

நாலையும் எந்த வரிசையில் பார்க்கணும்?

நள்ளிரவு_டிப்ளாய்
ஒரு அஞ்சு நிமிஷம் டீபக்கை ட்ரூ ஆக்கிப் பாருங்க ப்ரோ, அப்போ வர்ற மஞ்சள் பிழைப் பக்கத்திலேயே எல்லாம் தெரிஞ்சிடும்.

சர்வர்_சட்டாம்பிள்ளை
வேண்டாம். பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மஞ்சள் பக்கம் பெயரில் கீ, பாஸ், சீக்ரெட், டோக்கன் மாதிரி சொல் இருக்கிற செட்டிங்கை மட்டும்தான் நட்சத்திரம் போட்டு மறைக்கும், மத்த செட்டிங், கோப்புப் பாதை, உள்மாறிகள் எல்லாத்தையும் ஊருக்கே காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், டீபக்கைப் போட்டா சில பிழைகள் காணாமலே போயிடும். உங்க நாலாவது கேள்வி அந்த வகையா இருக்கலாம்னு படுது. அணைச்சா திரும்பி வரும், ஏன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

முதல்ல லாக். ஜாங்கோவின் இயல்பான லாகிங் அமைப்பில் கன்சோலுக்கு எழுதுற ஹேண்ட்லர் டீபக் ட்ரூவா இருந்தாத்தான் வேலை செய்யும். ஃபால்ஸ் ஆனதும் 500 பிழைகள் அட்மின்ஸ் பட்டியலில் இருக்கிறவங்களுக்கு மின்னஞ்சலா மட்டும் போகும். மின்னஞ்சல் அமைக்கலன்னா எங்கேயும் போகாது. ஜர்னல் காலியா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

செட்டிங்ஸில் லாகிங் அகராதி ஒண்ணு எழுதுங்க: வெர்ஷன் 1, டிஸேபிள்_எக்ஸிஸ்டிங்_லாகர்ஸ் ஃபால்ஸ், ஹேண்ட்லர்ஸில் கன்சோல் என்ற பெயரில் லாகிங்.ஸ்ட்ரீம்ஹேண்ட்லர், ரூட்டில் அதே கன்சோல், லெவல் வார்னிங். அவ்வளவே. ஜியூனிகார்ன் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணிட்டு நாலு பிழையையும் ஒரு தடவை வரவழைச்சு, ஜர்னலில் என்ன எழுதியிருக்குன்னு அப்படியே ஒட்டுங்க.

ரீஸ்டார்ட்டை விட்டுடாதீங்க. செட்டிங்ஸ் மாத்தினாலும் டெம்ப்ளேட் மாத்தினாலும் ஜியூனிகார்ன் தானா எடுத்துக்காது.

கொங்கு_டெவ்
லாக் வர்றதுக்குள்ள ஒண்ணு. பிழைப் பக்கத்தை அனுப்பினது யாருன்னு எழுத்தைப் பார்த்தே சொல்லிடலாம்ங்க. என்ஜின்எக்ஸ் எண்ணை முன்னால போடும்: "400 பேட் ரிக்வெஸ்ட்". கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அதோட பெயர். ஜாங்கோ எண்ணைப் பின்னால அடைப்புக்குறிக்குள்ள போடும்: "பேட் ரிக்வெஸ்ட் (400)", "சர்வர் எரர் (500)". 404-க்கு ஜாங்கோ எண்ணே போடாது, "நாட் ஃபவுண்ட்" மட்டும். 403 ஒண்ணுதான் குழப்பும். பெர்மிஷன் டினைட் வந்தா ஜாங்கோவும் "403 ஃபார்பிடன்"னு எண்ணை முன்னால போடுது. அப்போ கீழே கோடு இருக்கான்னு பாருங்க.

பதிலில் வர்ற சர்வர் ஹெட்டரை நம்பாதீங்க. பின்னாலிருந்து வர்ற சர்வர் ஹெட்டரை எடுத்துட்டு என்ஜின்எக்ஸ் தன் பெயரைப் போட்டுத்தான் அனுப்பும். யார் பதில் சொன்னாலும் அதுல ஒரே பெயர்தான்.

என்ஜின்எக்ஸ் அனுப்பின பிழைக்கு ஜாங்கோ செட்டிங்ஸை எத்தனை தடவை மாத்தினாலும் ஒண்ணும் நடக்காதுங்க. அதுக்கு வார்/லாக்/என்ஜின்எக்ஸ் ஃபோல்டரில் எரர்.லாக் பார்க்கணும்.

புதுக்கோடர்
செஞ்சுட்டேன். நட்சத்திரத்தை எடுத்துட்டும் ஒரு தடவை பார்த்தேன். ஜர்னல்:

– இன்வேலிட் எச்டிடிபி_ஹோஸ்ட் ஹெட்டர்: '127.0.0.1:8000'. யூ மே நீட் டு ஆட் '127.0.0.1' டு அலவுட்_ஹோஸ்ட்ஸ்.
– ஃபார்பிடன் (ஆரிஜின் செக்கிங் ஃபெயில்ட் - எச்டிடிபிஎஸ்://நம்தளம்.காம் டஸ் நாட் மேட்ச் எனி டிரஸ்டட் ஆரிஜின்ஸ்.): /லாகின்/
– வேல்யூ எரர்: மிஸ்ஸிங் ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் மேனிஃபெஸ்ட் என்ட்ரி ஃபார் 'படம்/லோகோ.பிஎன்ஜி'

என்ஜின்எக்ஸ் எரர்.லாகில் ஒவ்வொரு சிஎஸ்எஸ் கோப்புக்கும் ஓபன்() ஃபெயில்ட் (13: பெர்மிஷன் டினைட்). கோப்பு ஹோம்/உபுண்டு/தளம்/ஸ்டாட்டிக்-க்குள்ள இருக்கு.

சர்வர்_சட்டாம்பிள்ளை
இப்போ பேசலாம். 1-ம் 3-ம் ஒரே நோய்.

உங்க என்ஜின்எக்ஸ் கோப்பில் பிராக்ஸி_பாஸ் (கோரிக்கையைப் பின்னால அனுப்புற வரி) மட்டும்தான் இருக்கும்னு நினைக்கிறேன், பிராக்ஸி_செட்_ஹெட்டர் வரிகள் இருக்காது. அப்படி விட்டா, பின்னால போற கோரிக்கையில் ஹோஸ்ட் ஹெட்டரா பிராக்ஸி_பாஸில் எழுதின முகவரியையே என்ஜின்எக்ஸ் போடும். பயனர் நம்தளம்.காம் கேட்டாலும் ஜாங்கோவுக்குப் போய்ச் சேர்றது 127.0.0.1:8000. அது பட்டியலில் இல்ல, 400.

நீங்க நட்சத்திரம் போட்டதும் ஜாங்கோ அதை ஏத்துக்கிச்சு. ஆனா தன் பெயர் 127.0.0.1:8000-னு நம்பிக்கிட்டே இருக்கு. ஜாங்கோ 4.0-லிருந்து போஸ்ட் கோரிக்கையில் ஆரிஜின் ஹெட்டர் வந்தா, அதைத் தன் ஸ்கீம் + ஹோஸ்ட்டோட ஒப்பிடும். பிரவுசர் அனுப்பினது எச்டிடிபிஎஸ்://நம்தளம்.காம். ஜாங்கோ கையில் இருக்கிறது எச்டிடிபி://127.0.0.1:8000. ரெண்டு பாதியுமே பொருந்தல. அதான் 403. டெம்ப்ளேட்டில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் இருக்கா இல்லையான்னு தேடிக்கிட்டிருந்தா விடிஞ்சிடும்.

செய்ய வேண்டியது, லொக்கேஷன் / பிளாக்குக்குள்ள மூணு வரி:

– பிராக்ஸி_செட்_ஹெட்டர் ஹோஸ்ட் → டாலர் ஹோஸ்ட்
– பிராக்ஸி_செட்_ஹெட்டர் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ → டாலர் ஸ்கீம்
– பிராக்ஸி_செட்_ஹெட்டர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் → டாலர் பிராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்

செட்டிங்ஸில் ஒரு வரி: செக்யூர்_பிராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெட்டர் = ('எச்டிடிபி_எக்ஸ்_ஃபார்வர்டட்_புரோட்டோ', 'எச்டிடிபிஎஸ்'). நட்சத்திரத்தை எடுத்துட்டு டொமைனையே போடுங்க. என்ஜின்எக்ஸ் -டி கொடுத்துச் சோதிச்சிட்டு ரீலோட், ஜியூனிகார்ன் ரீஸ்டார்ட்.

இந்த செட்டிங்கை, முன்னால இருக்கிற பிராக்ஸி அந்த ஹெட்டரைக் கட்டாயம் தானே எழுதுதுன்னு உறுதியா இருந்தா மட்டும் போடணும். பிராக்ஸி எழுதலன்னா வெளியிலிருந்து எவனும் அந்த ஹெட்டரை அனுப்பி, சாதா எச்டிடிபியைப் பாதுகாப்பான இணைப்புன்னு ஜாங்கோவை நம்ப வைக்கலாம்.

நள்ளிரவு_டிப்ளாய்
சிஎஸ்ஆர்எஃப்_டிரஸ்டட்_ஆரிஜின்ஸில் டொமைனைச் சேர்த்தா ஒரே வரியில் முடிஞ்சிடுமே? தேடினா எல்லா இடத்திலும் அதைத்தான் சொல்றாங்க.

சர்வர்_சட்டாம்பிள்ளை
403 போயிடும். நோய் போகாது. ஜாங்கோ தன் பெயரை இன்னும் 127.0.0.1-னுதான் நினைச்சிருக்கும். பாஸ்வேர்ட் மறந்தவங்களுக்குப் போற மின்னஞ்சலில் இணைப்பு எச்டிடிபி://127.0.0.1:8000-னு ஆரம்பிக்கும். முழு இணைப்பு கட்டுற பில்ட்_அப்சல்யூட்_யூஆர்ஐ கொடுக்கிறதெல்லாம் அதே மாதிரி. செக்யூர்_எஸ்எஸ்எல்_ரீடைரக்ட்டை ட்ரூ ஆக்கினீங்கன்னா இன்னும் வேடிக்கை: வர்ற ஒவ்வொரு கோரிக்கையும் எச்டிடிபின்னு நினைச்சு எச்டிடிபிஎஸ்://127.0.0.1:8000-க்குத் திருப்பும், அது பயனரோட சொந்தக் கணினியைக் குறிக்கிற முகவரி, பிரவுசர் இணைக்க முடியலன்னு கையை விரிச்சிடும்.

டிரஸ்டட்_ஆரிஜின்ஸ் வேற டொமைனிலிருந்தோ துணை டொமைனிலிருந்தோ ஃபார்ம் வரும்போதுதான் தேவை. அப்பவும் 4.0-லிருந்து முன்னால எச்டிடிபிஎஸ்:// சேர்த்து எழுதணும். வெறும் டொமைன் எழுதின பழைய செட்டிங்ஸோட 3.2-லிருந்து ஏறினவங்க நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க.

கொங்கு_டெவ்
பக்கத்திலேயே இன்னொரு குழி இருக்குங்க. பிராக்ஸி_பாஸில் முகவரிக்குப் பதிலா அப்ஸ்ட்ரீம் (பின்னால இருக்கிற சர்வருக்கு என்ஜின்எக்ஸில் வைக்கிற) பெயர் கொடுத்து, அந்தப் பெயரில் அடிக்கோடு வச்சிருந்தா, உதாரணமா ஆப்_சர்வர், அந்தப் பெயரே ஹோஸ்ட்டா போகும். ஹோஸ்ட் பெயரில் அடிக்கோட்டை ஜாங்கோ ஏத்துக்காது. நட்சத்திரம் போட்டாலும் 400-தான். "நட்சத்திரம் போட்டும் 400 வருதே"ன்னு கேட்டா முதல் சந்தேகம் இதுதான்.

மாத்தினதும் என்ஜின்எக்ஸை விட்டுட்டு நேரா ஜியூனிகார்னைத் தட்டிப் பாருங்க. கர்ல் -ஐ (சின்ன எழுத்து), ஒரு -எச்சில் ஹோஸ்ட்: நம்தளம்.காம், இன்னொரு -எச்சில் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ: எச்டிடிபிஎஸ், முகவரி 127.0.0.1:8000. இங்க 200 வந்து பிரவுசரில் வரலன்னா கோளாறு என்ஜின்எக்ஸில். இங்கயே வரலன்னா ஜாங்கோவில்.

சர்வர்_சட்டாம்பிள்ளை
2-வது, சிஎஸ்எஸ். 13 பெர்மிஷன் டினைட் கோப்போட பிழையா இருக்காது, பாதையோட பிழை. உபுண்டு 21.04-லிருந்து ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியோட உருவாகுது. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனரா ஓடுற என்ஜின்எக்ஸால ஹோம்/உபுண்டுக்குள்ள காலே வைக்க முடியாது. உள்ள இருக்கிற கோப்புக்கு 644 இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. நேம்இ -எல் கொடுத்துக் கோப்பின் முழுப் பாதையை எழுதிப் பாருங்க. ஒவ்வொரு படிக்கும் யாருக்கு என்ன அனுமதின்னு வரிசையா காட்டும், எந்தப் படியில் எக்ஸ் (உள்ள நுழையிற அனுமதி) இல்லன்னு உடனே தெரியும்.

தீர்வு: ஸ்டாட்டிக்_ரூட்டை ஹோமுக்கு வெளியே /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/நம்தளம்/ஸ்டாட்டிக்/ மாதிரி ஓரிடத்துக்கு மாத்தி, கலெக்ட்ஸ்டாட்டிக் (ஸ்டாட்டிக் கோப்புகளை ஓரிடத்தில் சேர்க்கிற கட்டளை) மறுபடி ஓட்டுங்க. ஹோமுக்கு 777 கொடுக்கச் சொல்லி யாராவது வருவாங்க. காதுல வாங்காதீங்க.

யாழ்_நிரலர்
13 இல்லாமல் (2: நோ சச் ஃபைல்) வந்தால் ஏலியாஸ் (கோப்புகள் எந்த ஃபோல்டரில் என்று என்ஜின்எக்ஸுக்குச் சொல்லும்) வரியின் கடைசிச் சாய்கோட்டைப் பாருங்கோ. லொக்கேஷன் /ஸ்டாட்டிக்/ என்று எழுதி, ஏலியாஸ் முடிவில் சாய்கோடு விட்டுவிட்டால், என்ஜின்எக்ஸ் இரண்டையும் அப்படியே ஒட்டிவிடும். எரர்.லாகில் "ஸ்டாட்டிக்சிஎஸ்எஸ்/மெயின்.சிஎஸ்எஸ்" என்று ஒட்டிய பெயர் தெரியும். இதற்கு மறுதலையாக லொக்கேஷனில் சாய்கோடு இல்லாமல் ஏலியாஸில் மட்டும் இருந்தால் படம் எல்லாம் சரியாக வரும், ஆனால் /ஸ்டாட்டிக்../ என்று கேட்டு ஒரு ஃபோல்டர் மேலே ஏறிப் பக்கத்துக் கோப்புகளை எடுக்கலாம். செட்டிங்ஸ் கோப்பு அங்கேதான் இருக்கும். இரண்டு இடத்திலும் சாய்கோடு போடுங்கோ.

நள்ளிரவு_டிப்ளாய்
சின்னத் தளத்துக்கு ஒயிட்நாய்ஸ் (ஜாங்கோவே ஸ்டாட்டிக் கோப்பு கொடுக்க வைக்கிற பேக்கேஜ்) போதாதா? என்ஜின்எக்ஸில் ஏலியாஸே வேண்டாம்.

சர்வர்_சட்டாம்பிள்ளை
தாராளமா போதும். மிடில்வேர் பட்டியலில் செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்த வரியில் இருக்கணும். மீடியா கோப்புகளுக்கு, அதாவது பயனர் ஏத்துற படங்களுக்கு, அது ஆகாது. அதுக்கு எப்படியும் என்ஜின்எக்ஸ் வேணும்.

4-வது, மேனிஃபெஸ்ட். ஸ்டோரேஜஸில் மேனிஃபெஸ்ட் வகை வச்சிருக்கீங்க. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓடும்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் சேர்த்த பெயர் கொடுத்து ஒரு ஜேசான் கோப்பில் எழுதி வைக்கும். டெம்ப்ளேட் கேட்கிற பெயர் அதில் இல்லன்னா வேல்யூ எரர், பக்கமே 500. டீபக் ட்ரூவா இருந்தா இந்தத் தேடலே நடக்காது, பழைய பெயரையே கொடுத்துட்டுப் போயிடும். மஞ்சள் பக்கத்தை வச்சு இதைப் பிடிச்சிருக்க முடியாதுன்னு இப்போ புரியும்.

ஏன் இல்ல? விண்டோஸ்னு சொன்னீங்க. அங்க பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் கிடையாது, லினக்ஸில் உண்டு. வட்டில் இருக்கிற கோப்போட பெயரையும் டெம்ப்ளேட்டில் எழுதினதையும் எழுத்தெழுத்தா ஒப்பிடுங்க. கோப்பு நீட்சி பெரிய எழுத்தில் இருக்கும்னு நினைக்கிறேன், கேமரா ஃபோல்டரிலிருந்து வர்றது பல நேரம் அப்படித்தான் வந்து தொலையுது. விண்டோஸிலேயே பெயரை மாத்தினா கிட் கவனிக்காம விடலாம். கிட் எம்வி கட்டளையால மாத்துங்க.

பழைய செட்டிங்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு: ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்_ஸ்டோரேஜ் என்ற தனி வரி 4.2-ல் வழக்கொழிஞ்சு 5.1-ல் நீக்கப்பட்டது. இப்போ எழுதினா பிழை வராது, சத்தமில்லாம கண்டுக்காம விட்டுடும். ஸ்டோரேஜஸ் அகராதியில் எழுதணும். அதில் டிஃபால்ட்டையும் சேர்த்து எழுதணும், ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் மட்டும் எழுதினா மீடியா கோப்பு ஏத்தும்போது உதைக்கும்.

புதுக்கோடர்
கோப்பு லோகோ.பிஎன்ஜி-யில் பிஎன்ஜி பெரிய எழுத்துதான். மூணு ஹெட்டர் வரியும் போட்டாச்சு, 400-ம் 403-ம் சேர்ந்தே போயிடுச்சு. சிஎஸ்எஸ்-ம் வருது. நன்றி.

இன்னொண்ணு மிச்சம். டீபக்கை .என்வ் கோப்பில் ஃபால்ஸ்னுதான் வச்சிருந்தேன், ஆனா ரொம்ப நாள் மஞ்சள் பக்கம் வந்துகிட்டே இருந்தது. செட்டிங்ஸில் நேரடியா எழுதினதுக்கு அப்புறம்தான் அணைஞ்சது. ஏன்?

கொங்கு_டெவ்
ஓஎஸ்.என்விரானிலிருந்து வர்றது எப்பவுமே சரம்ங்க. 'ஃபால்ஸ்' என்பது ஆங்கிலத்தில் அஞ்செழுத்து, காலியில்லாத சரம், பைதானுக்கு அது ட்ரூ. மதிப்பு '1'-க்குச் சமமான்னு ஒப்பிட்டு எழுதுங்க. இன்னொண்ணு, சிஸ்டம்டி உங்க பாஷ்ஆர்சி-யைப் படிக்காது. சர்வீஸ் கோப்பில் என்விரான்மென்ட்ஃபைல் வரி வேணும். என்விரான்மென்ட் வரியில் நேரடியா சீக்ரெட் கீ எழுதினா, கீ-க்குள்ள சதவீதக் குறி இருந்தா அதை ரெண்டு தடவை எழுதணும். இல்லன்னா சிஸ்டம்டி அதை வேற எதுவோன்னு எடுத்துக்கும்.

செய்திமடல்_பொறுப்பாளர்
இதே இழையில் கேட்கலாமா? தமிழ்ச் செய்தித் தளம். தலைப்பிலிருந்து ஸ்லக் (யூஆர்எல்லில் வரும் சுருக்கப் பெயர்) எடுக்க ஸ்லக்ஃபை போட்டால் காலியாக வருகிறது. இரண்டாவது கட்டுரை சேமிக்கும்போது இன்டெக்ரிட்டி எரர். அலவ்_யூனிகோட் ட்ரூ போட்டேன், "பொங்கல்" என்ற தலைப்புக்கு "பஙகல" என்று வருகிறது.

யாழ்_நிரலர்
இது எழுத்துருக் கோளாறு இல்லை. அலவ்_யூனிகோட் இல்லாமல் ஸ்லக்ஃபை ஆஸ்கி தவிர்ந்த எல்லாவற்றையும் எறிந்துவிடும். எந்தத் தமிழ்த் தலைப்புக்கும் மிஞ்சுவது வெற்றுச் சரம், யூனிக் ஃபீல்டில் இரண்டாவது வெற்றுச் சரத்துக்கு இடம் இல்லை.

அலவ்_யூனிகோட் போட்டால், பைதான் ரீ தொகுதியின் \டபிள்யூ எதைச் "சொல் எழுத்து" என்று ஏற்கிறதோ அது மட்டும் மிஞ்சும். தமிழ் உயிர்மெய்யில் அகரமேறிய மெய் மட்டும்தான் யூனிகோடில் எழுத்து வகை. கொம்பு, கால், விசிறி, புள்ளி எல்லாம் எம்சி, எம்என் என்ற குறி வகைகள். ரீ தொகுதி அவற்றை \டபிள்யூ-க்குள் சேர்ப்பதில்லை. ஆகவே ஒகரக் குறியும் இரண்டு புள்ளிகளும் உதிர்ந்து "பஙகல". இதை இப்படியே விட்டால் படு, பாடு, பீடு மூன்றும் ஒரே ஸ்லக் ஆகிவிடும்.

சொந்தமாக ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கோ:

– முதலில் யூனிகோட்டேட்டா.நார்மலைஸ், 'என்எஃப்சி'. சில விசைப்பலகைகள் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும், சில ஒற்றைக் கொம்பு + கால் என்று இரண்டாகவும் தரும். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு.
– பிறகு ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூனிகோட்டேட்டா.கேட்டகரி பார்த்து, முதல் எழுத்து எல், எம், என் என்றால் வைத்துக்கொள்ளுங்கோ. மற்றதெல்லாம் இடைவெளி.
– இடைவெளிகளை ஒற்றைக் கோடாக்கி, இரு முனையையும் ஸ்ட்ரிப் செய்யுங்கோ.

ஸ்லக்ஃபீல்டில் இதைச் சேமிக்க முடிந்தாலும் அட்மின் ஃபார்மில் அதன் வேலிடேட்டர் மறுக்கும், அதுவும் அதே \டபிள்யூ-வைத்தான் நம்பியிருக்கிறது. கார்ஃபீல்டாக வையுங்கோ. யூஆர்எல் பாட்டர்னில் ஸ்லக் கன்வர்ட்டர் ஆங்கில எழுத்து, எண், கோடு, அடிக்கோடு தவிர எதையும் ஏற்காது. அங்கே எஸ்டிஆர் கன்வர்ட்டர்.

என் விருப்பம், முன்னால் எண், பின்னால் ஸ்லக். எண்ணை வைத்தே கட்டுரையைத் தேடுங்கோ, ஸ்லக் வெறும் அலங்காரம். தலைப்பைத் திருத்தினாலும் பழைய இணைப்பு உடையாது. ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8-ல் மூன்று பைட், யூஆர்எல்-இல் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்து. நாற்பது குறியீட்டுத் தலைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் 360 எழுத்து நீளத்துக்கு வந்து விழலாம். ஸ்லக்கை முதல் நான்கைந்து சொல்லோடு வெட்டிவிடுங்கோ. வெட்டும்போது சொல் எல்லையில் வெட்டுங்கோ, குறியீட்டு எண்ணிக்கையில் வெட்டினால் புள்ளி போய் மெய் உயிர்மெய்யாகிவிடும்.

செய்திமடல்_பொறுப்பாளர்
நன்றி. இன்னும் இரண்டு: மைஎஸ்க்யூஎல்-இல் தமிழ் நன்றாகச் சேமிக்கிறது, வாசகர் கருத்தில் இமோஜி இருந்தால் மட்டும் 1366 பிழை. "இன்றைய செய்திகள்" பக்கம் விடிகாலையில் நேற்றைய செய்திகளைக் காட்டுகிறது.

கொங்கு_டெவ்
முதலாவது: டேபிள் பழைய யூடிஎஃப்8-ல், அதாவது எம்பி3-ல் இருக்குங்க. மூணு பைட் வரைக்கும்தான் கொள்ளும். தமிழ் மூணு பைட், இமோஜி நாலு. டேட்டாபேஸை மட்டும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாத்தினா இனி உருவாகிற டேபிளுக்குத்தான் பொருந்தும், இருக்கிற ஒவ்வொரு டேபிளுக்கும் ஆல்டர் டேபிள் … கன்வர்ட் டு கேரக்டர் செட் ஓட்டணும். பேக்கப் எடுத்துட்டு ஓட்டுங்க. பெரிய டேபிளா இருந்தா அது முடியிற வரைக்கும் எழுத விடாது.

ரெண்டாவது: டைம்ஸோன்.நவ்().டேட்() போட்டிருப்பீங்க. யூஸ்_டிஇசட் ட்ரூவா இருந்தா நவ்() தர்றது யூடிசி. நம்ம காலை 5.30-க்குத்தான் அங்க தேதி மாறும். டைம்ஸோன்.லோக்கல்டேட்() போடுங்க, டைம்_ஸோன் ஆசியா/கொல்கத்தா.

யாழ்_நிரலர்
கொழும்புக்கும் அதே ஐந்தரை மணி நேரம்தான்.

மைஎஸ்க்யூஎல் என்றபடியால் இதையும் பாருங்கோ. ஃபில்டரில் __டேட் போட்டால் நேர மாற்றத்தை டேட்டாபேஸே செய்யும். நேர மண்டல டேபிள்கள் நிரப்பப்படாத சர்வரில் அந்தக் கணக்கு நல் ஆகிவிடும், பிழை எதுவும் இல்லாமல் பட்டியல் காலியாக வரும். மைஎஸ்க்யூஎல்_டிஇசட்இன்ஃபோ_டு_எஸ்க்யூஎல் என்ற கட்டளைக்கு /யூஎஸ்ஆர்/ஷேர்/ஸோன்இன்ஃபோ-வைக் கொடுத்து, வரும் வெளியீட்டை மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸுக்குள் பைப் செய்தால் நிரம்பிவிடும்.

நள்ளிரவு_டிப்ளாய்
பெரிய எக்செல் ரிப்போர்ட் எடுத்தா அரை நிமிஷத்துல 502 வருது. ஜியூனிகார்ன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இதுக்கும் ஹெட்டரா?

சர்வர்_சட்டாம்பிள்ளை
இல்ல. ஜியூனிகார்னின் இயல்பான டைம்அவுட் 30 வினாடி. அதுக்குள்ள பதில் வரலன்னா மாஸ்டர் அந்த வொர்க்கரைக் கொன்னுட்டு வேற ஒண்ணைக் கிளப்பும். ஜர்னலில் "வொர்க்கர் டைம்அவுட்"னு இருக்கும், என்ஜின்எக்ஸ் பக்கம் "அப்ஸ்ட்ரீம் பிரிமெச்சூர்லி க்ளோஸ்ட் கனெக்ஷன்". அதே 30-க்கு முன்னாடியே செத்தா, ஜர்னலில் சிக்கில் (வொர்க்கரைக் கட்டாயமா நிறுத்துற சிக்னல்) பத்தி வரி இருந்தா, டிமெசேஜில் அவுட் ஆஃப் மெமரி தேடுங்க. அது டைம்அவுட் இல்ல, ரேம் பத்தல.

டைம்அவுட்டை 120 ஆக்கினா என்ஜின்எக்ஸின் 60 வினாடி பிராக்ஸி_ரீட்_டைம்அவுட் குறுக்க வந்து 502-க்குப் பதிலா 504 காட்டும். ரெண்டையும் ஏத்திக்கிட்டே போறதில் அர்த்தமில்ல. அந்த நேரம் முழுக்க ஒரு வொர்க்கர் அடைபட்டுக் கிடக்கும், மூணு வொர்க்கர் இருக்கிற சர்வரில் மூணு பேர் ரிப்போர்ட் கேட்டா தளமே நின்னுடும். முதல்ல கொயரி எண்ணிக்கையைப் பாருங்க. லூப்புக்குள்ள ஃபாரின் கீ-யைத் தொட்டிருந்தா செலக்ட்_ரிலேட்டட் போட்டாலே பாதி நேரம் இறங்கலாம். அதுக்கப்புறமும் நீளமா இருந்தா செலரி மாதிரி பின்னணி வேலைக்குத் தள்ளி, கோப்பு தயாரானதும் இணைப்பு கொடுங்க.